படைச் செவிலியர் யார்? நூற்றெழுபது ஆண்டுகளாகத் தொடரும் ஒரு கேள்வி

1854 நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனையை அடைந்தார். அதே கிரிமியப் போரில் ரஷ்யத் தரப்பிலும், அறுவை மருத்துவர் நிக்கோலாய் பிரகோவின் மேற்பார்வையில், பெண்கள் அணியணியாகப் பணியாற்றினர். அதற்கு முந்தைய போர்களிலும் சிப்பாய்களின் மனைவியரும் துறவியரும் படையைப் பின்தொடர்ந்த ஏழைப் பெண்களும் காயமுற்றோரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அரசே பெண்களைத் தேர்ந்தெடுத்து, பொறுப்புக் கொடுத்து, போர்க்கள மருத்துவமனைக்கு அனுப்பும் வழக்கம் வேரூன்றியது இக்காலத்தில்தான். அதோடு ஒரு கேள்வியும் பிறந்தது: ராணுவத்தில் பணிபுரியும் செவிலியர் யார்? அவர் அனுபவித்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கருணைத் தொண்டு என்றனர் சிலர். பெண் முன்னேற்றத்தின் படிக்கட்டு என்றனர் வேறு சிலர். போர் தந்த காயம் என்றும், தேர்ந்த தொழில் என்றும், போர் எந்திரத்தின் ஓர் உறுப்பு என்றும் பின்வந்த விடைகள் சொல்லின. ஒவ்வொரு விடைக்கும் அது பிறந்த காலத்தின் தேவை பின்னணியாக இருந்தது. இக்கட்டுரை அவ்விடைகளையும் அவற்றின் போதாமைகளையும் வரிசையாகப் பார்க்கிறது.

கருணையின் வடிவம்

முதல் விடையை வடித்தவை லண்டன் செய்தித்தாள்களும் அச்சுப்படங்களும். கையில் விளக்கோடு நோயாளிகளிடையே நடக்கும் பெண் என்ற உருவம் வீடுதோறும் பரவியது. அதற்கு ஒரு நடைமுறைப் பயன் இருந்தது. மணமாகாத பெண் முன்பின் தெரியாத ஆண்களின் உடலைத் தொட்டுப் பணிவிடை செய்வதை அன்றைய சமூகம் எளிதில் ஏற்கவில்லை. தாய்மையும் துறவும் கலந்த ஓர் உருவம் அந்தத் தயக்கத்தைக் கரைத்தது. நைட்டிங்கேலுடன் சென்ற 38 பேரில் 24 பேர் சமயச் சார்புள்ள அமைப்புகளிலிருந்து வந்தவர்கள். மருத்துவமனைகளில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள் 14 பேர் மட்டுமே.

இந்த உருவம் பேரரசின் பிற பகுதிகளுக்கும் பயணப்பட்டது. 1888 மார்ச்சில் கேத்தரின் கிரேஸ் லாக் தலைமையில் பத்துச் செவிலியர் பம்பாயில் வந்திறங்கினர். இந்திய ராணுவச் செவிலியர் சேவையின் வரலாறு அவர்களிடமிருந்தே தொடங்குகிறது. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக வந்தவர்கள் அவர்கள். இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனைகளுக்கு இத்தகைய சேவை நெடுங்காலம் எட்டவில்லை. 1926இல்தான் இந்திய ராணுவச் செவிலியர் சேவை முறையாக அமைந்தது.

இந்த விடையின் முதல் குறை, மருத்துவ உண்மையோடு அது முழுதாகப் பொருந்தாதது. ஸ்குடாரியில் பெரும்பாலோரைக் கொன்றவை குண்டுக் காயங்களைவிடத் தொற்றுநோய்களே. 1855 வசந்தத்தில் சுகாதார ஆணையம் வந்து கழிவுநீர்ப் பாதைகளையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பிறகே சாவு விகிதம் வெகுவாகக் குறைந்தது. போர் முடிந்தபின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த நைட்டிங்கேல், பணிவிடையைவிடச் சுகாதாரமே உயிர்களைக் காத்தது என்ற முடிவுக்கு வந்தார் என்று ஹியூ ஸ்மால் 1998இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவர் சொன்னதன் எல்லாப் பகுதிகளையும் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை என்றாலும், கருணை ஒன்றே குணமாக்கியது என்ற பழைய சித்திரம் அதன்பின் நிலைக்கவில்லை.

இரண்டாவது குறை, இந்த உருவம் அரசியலுக்கு மிக எளிதில் வளைந்து கொடுத்தது. ஜெர்மானியர் பிடித்திருந்த பிரஸ்ஸல்ஸில் செவிலியர் பள்ளியொன்றை நடத்திய எடித் கேவல், நேச நாட்டுப் படைவீரர்கள் தப்பிச் செல்ல உதவியதற்காக 1915 அக்டோபர் 12 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். ஆபத்து தெரிந்தே தலைமறைவு வேலையில் இறங்கிய நடுவயதுப் பெண் அவர். பிரச்சாரப் படங்கள் அவரைப் பேதைப் பெண்ணாக வரைந்து ஆள்சேர்ப்புக்குப் பயன்படுத்தின. தேவதை ஆக்கப்பட்டவருக்குச் சொந்தமாக ஒரு முடிவெடுக்கும் அறிவு இருந்ததென்பது அந்தப் படங்களில் காணாமல் போயிற்று. சோர்வு, கோபம், ஊதியம், ஓய்வூதியம் ஆகியவையும் தேவதைக்குப் பொருந்தாத பேச்சாகிவிட்டன.

உரிமைக்கான படிக்கட்டு

முதல் உலகப் போரின்போது இரண்டாவது விடை வலுப்பெற்றது. 1917 ஏப்ரலில் அமெரிக்க ராணுவச் செவிலியர் படையில் 403 பேர் இருந்தனர். 1918 நவம்பரில் அந்த எண்ணிக்கை 21,480. பிரிட்டனின் நிரந்தர ராணுவச் செவிலியர் சேவை, போர் தொடங்கியபோது சுமார் 300 பேரைக் கொண்டிருந்தது. துணைப்படையையும் சேர்த்தால் போர் முடிவதற்குள் அது 10,000ஐத் தாண்டியது. இவ்வளவு பெரிய உழைப்பு பெண்ணின் குடியுரிமை நிலையை மாற்றாமல் விடாது என்பது இவ்விடையின் அடிப்படை.

அதற்குச் சான்றுகள் உண்டு. கனடாவில் ராணுவச் செவிலியர் லெப்டினன்ட் நிலையில் பணியாற்றினர். 1917ஆம் ஆண்டின் ராணுவ வாக்காளர் சட்டத்தால் அந்நாட்டுக் கூட்டாட்சித் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்த பெண்களும் அவர்களே. பிரிட்டனில் பல்லாண்டு இழுபறிக்குப் பிறகு 1919 டிசம்பரில் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. அமெரிக்கா 1920இல் செவிலியருக்கு ஒப்பு நிலைப் பதவி தந்தது. முழு அதிகாரி நிலை 1944இல் தற்காலிகமாகவும் 1947இல் நிரந்தரமாகவும் கிடைத்தது.

ஆனால் இச்சான்றுகளை உற்றுப் பார்த்தால் படிக்கட்டு அவ்வளவு நேராக ஏறவில்லை. 1918இல் பிரிட்டன் தந்த வாக்குரிமை முப்பது வயதைக் கடந்த, சொத்துத் தகுதி கொண்ட பெண்களுக்கே உரியது. பிரான்சில் இரவுபகலாக உழைத்த இளம் செவிலியர் பலர் அதில் சேரவில்லை. ஒப்பு நிலைப் பதவி என்பது தோளில் பட்டையைத் தந்தது. அதே பட்டை அணிந்த ஆணுக்குரிய ஊதியத்தையும் கட்டளை அதிகாரத்தையும் தரவில்லை. மார்கரெட் ஹிகொனட், பேட்ரிஸ் ஹிகொனட் இருவரும் 1987இல் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினர். போரில் பெண்ணின் நிலை உயரும்போது போர்முனையில் நிற்கும் ஆணின் நிலை அதைவிட மேலே போகிறது. இடைவெளி மாறுவதில்லை என்பது அவர்கள் வாதம்.

திருமணம் இந்த இடைவெளியை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. பல ராணுவங்களில் மணம் செய்துகொண்ட செவிலியர் பணியைவிட்டு விலக வேண்டியிருந்தது. இது பழங்கதை என்று ஒதுக்க இயலாது. இந்தியாவின் ராணுவச் செவிலியர் சேவையில் 1977இல் பிறப்பித்த விதியொன்று திருமணத்தைப் பணிநீக்கத்துக்குரிய காரணமாக வைத்திருந்தது. அவ்விதியின்படி 1988இல் விடுவிக்கப்பட்ட ஓர் அதிகாரியின் வழக்கில், இது பாலினப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்து, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. விதி 1995இலேயே திரும்பப் பெறப்பட்டிருந்தது. நீதி கிடைக்க முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மறுபுறம், அமெரிக்க ராணுவச் செவிலியர் படையில் ஆண்கள் அதிகாரிகளாகச் சேர 1955 வரை வழியில்லை. செவிலியம் பெண்ணின் இயல்பு என்ற கருத்து பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. அதே கருத்து அந்த அறைக்கு வெளியே போகவிடாமலும் தடுத்தது.

சாட்சியும் காயமும்

மூன்றாவது விடை செவிலியரே எழுதிய எழுத்திலிருந்து வந்தது. எலன் லா மோட் 1916இலும் மேரி போர்டன் 1929இலும் பெல்ஜியம், பிரான்ஸ் போர்முனை மருத்துவமனைகளைப் பற்றி நூல்கள் வெளியிட்டனர். அழுகும் காயம், இறப்பவனின் வசை, மருத்துவரின் அலட்சியம் ஆகியவற்றை மறைக்காமல் எழுதிய லா மோட்டின் நூல் 1918இல் அமெரிக்காவில் புழக்கத்திலிருந்து அகற்றப்பட்டது. தன்னார்வத் துணைச் செவிலியராக இருந்த வேரா பிரிட்டன் 1933இல் வெளியிட்ட தன்வரலாறு அந்தத் தலைமுறையின் இழப்பைப் பெண்ணின் பார்வையில் பதித்தது. சாந்தனு தாஸ் 2005இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெழுத்துகளை மீண்டும் வாசித்து, நோயாளியைத் தொடும் கையே செவிலியரின் நினைவில் ஆழமாகப் பதிந்தது என்றும், அடுத்தவரின் வலியைத் தொட முடிந்தும் பகிர முடியாத இயலாமையே அதன் வேதனை என்றும் விளக்கியது.

வியட்நாம் போர் இவ்விடைக்கு மருத்துவப் பெயரொன்றைச் சேர்த்தது. அங்கு பணியாற்றிய அமெரிக்க ராணுவப் பெண்கள் சுமார் 11,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் செவிலியர். ஹெலிகாப்டர்கள் காயமுற்றோரை மிக விரைவாகக் கொண்டுவந்ததால், முந்தைய போர்களில் வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் உயிரோடு வந்து சேர்ந்தனர். சிதைந்த உடல்களை அடுத்தடுத்து எதிர்கொண்டவர்களில் பலர் படிப்பு முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளம்பெண்கள். 1980களின் இறுதியில் நடந்த தேசிய ஆய்வு, அப்போர்க்களத்தில் பணியாற்றிய பெண்களில் 26.9 விழுக்காட்டினர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் போருக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு ஆளானதாக மதிப்பிட்டது. ஆண்களில் இது 30.9 விழுக்காடு. துப்பாக்கி ஏந்தாதவருக்குப் போர்க்காயம் இல்லை என்ற எண்ணத்தை இந்த எண்கள் தகர்த்தன. செவிலியராக இருந்த டயான் கார்ல்சன் எவன்ஸ் முன்னெடுத்த இயக்கத்தின் பயனாக, 1993 நவம்பர் 11 அன்று வாஷிங்டனில் வியட்நாம் மகளிர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதன் முதல் முன்மொழிவை உரிய ஆணையம் 1987இல் நிராகரித்திருந்தது.

சாட்சி சொல்ல விடாமல் தடுத்த வரலாறும் இங்கு சேர வேண்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழும் தறுவாயில் வைனர் புரூக் கப்பலில் 65 ஆஸ்திரேலியச் செவிலியர் வெளியேறினர். கப்பல் குண்டுவீச்சில் மூழ்கியது. 12 பேர் கடலோடு போயினர். பங்கா தீவில் கரையேறிய 22 பேரை ஜப்பானியப் படையினர் பிப்ரவரி 16 அன்று கடலுக்குள் நடக்கச் செய்து பின்னாலிருந்து சுட்டனர். பிழைத்தவர் விவியன் புல்விங்கல் ஒருவரே. கப்பலிலிருந்து தப்பிக் கைதான மற்றச் செவிலியரோடு சிறை முகாம்களில் மூன்றரை ஆண்டு கழித்த அவர், 1946இல் டோக்கியோ தீர்ப்பாயத்தில் சாட்சியம் அளித்தார். கைதான 32 பேரில் எட்டுப் பேர் முகாமிலேயே மாண்டனர். சுடப்படுவதற்கு முன் அப்பெண்கள் பாலியல் வன்முறைக்கும் ஆளாயினர் என்றும், அதைப் பேசவேண்டாமென்று புல்விங்கலிடம் அதிகாரிகள் சொன்னார்கள் என்றும் அண்மை ஆண்டுகளில் லினெட் சில்வர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வாதிட்டுள்ளனர். அந்தத் தடை உண்மையென்றால், காப்பாற்றப்பட்டது இறந்த பெண்களின் மானம்தானா, அவர்களைக் காக்கத் தவறியவர்களின் பெயரா என்று கேட்காமல் இருக்க முடியாது.

இவ்விடையின் வலிமை, செவிலியரின் வாய்ச்சொல்லை மையத்தில் வைத்தது. அதன் வரம்பும் அங்கேயே இருக்கிறது. நூல் எழுதியவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான குடும்பங்களின் பெண்கள். அதிலும் தன்னார்வலர்களின் குரல், பயிற்சி பெற்ற செவிலியரின் குரலை மூடிவிட்டது. அனுபவம் முழுவதையும் காயமாக மட்டும் பார்த்தால், அதே பெண்களில் பலர் அந்த ஆண்டுகளைத் தம் வாழ்வின் மிகப் பயனுள்ள காலமாக நினைவுகூர்வதற்கு இடமில்லாமல் போகிறது.

கைத்திறனும் அறிவும்

இந்தக் குறையை நிரப்ப எழுந்தது நான்காவது விடை. கிறிஸ்டின் ஹாலட் 2009இல் வெளியிட்ட நூல் முதல் உலகப் போர்ச் செவிலியத்தை அதன் அன்றாட வேலையிலிருந்து ஆராய்ந்தது. உடலின் சிதைவையும் மனத்தின் சிதைவையும் ஒரு வரம்புக்குள் அடக்கி, நோயாளியை மீண்டும் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருவதே செவிலியர் செய்தது என்பது அவர் முடிவு.

வேலையின் விவரங்கள் இதற்கு வலுச் சேர்க்கின்றன. உரமிட்ட வயல்மண் படிந்த காயங்களில் சதையழுகல் நோய் விரைவில் பரவியது. அலெக்சிஸ் கரேலும் ஹென்றி டேக்கினும் உருவாக்கிய முறையில், காயத்துக்குள் குழாய்களைப் பொருத்தி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிருமிநாசினிக் கரைசலைச் செலுத்த வேண்டும். முறையைக் கண்டவர்கள் ஆண்கள்; இரவும் பகலும் அது தவறாமல் நடக்கக் காரணமானவர்கள் செவிலியர். கடுகு வாயு தாக்கியவர்களின் உடையைக் களையும்போது செவிலியரின் கண்ணும் தொண்டையும் எரிந்தன. அமெரிக்கச் செவிலியர் மயக்கமருந்து கொடுப்பதில் தேர்ந்தவர்களாக வந்ததால், 1918இல் பிரிட்டிஷ் செவிலியருக்கும் அப்பயிற்சி அளிக்கப்பட்டது. நாடித் துடிப்பும் தோலின் நிறமும் மாறுவதை முதலில் காண்பவர் படுக்கையருகே இருப்பவரே. யாரை உடனே அறுவைக்கு அனுப்புவது, யாரருகே கடைசிவரை இருப்பது என்ற தீர்மானங்களில் அவர் கண்டது கணக்கில் வந்தது.

இவ்விடை செவிலியரைப் பிறர் பார்வையிலிருந்து மீட்டு, அவருடைய அறிவின் வழியே பார்க்கிறது. எனினும் இரு எச்சரிக்கைகள் தேவை. மருத்துவக் குறிப்பேடுகள் பெரும்பாலும் மருத்துவரின் முடிவுகளையே பதிவுசெய்தன. செவிலியரின் தீர்மானத்தைக் கடிதங்களிலிருந்தும் நாட்குறிப்புகளிலிருந்தும் ஊகித்தே அறிய வேண்டியிருக்கிறது. அடுத்து, திறமையின் கதை எளிதில் வெற்றிக் கதையாக மாறக்கூடும். அந்தத் திறமை யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வி அப்போது பின்னுக்குப் போகிறது.

போர் எந்திரத்தின் உறுப்பா?

ஐந்தாவது நிலைப்பாடு அந்தக் கேள்வியை முன்வைக்கிறது. 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை காயமுற்றோரையும் அவர்களைக் கவனிப்போரையும் தாக்குதலிலிருந்து விலக்கி வைத்தது. 1949ஆம் ஆண்டின் உடன்படிக்கை, பகைவரென்று பாராமல், மருத்துவ அவசரத்தை மட்டும் வைத்தே யாரை முதலில் கவனிப்பது என்று முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. ராணுவமோ குணமான வீரர் திரும்பப் படைப்பிரிவுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. சிந்தியா என்லோ போன்ற பெண்ணியச் சிந்தனையாளர்கள், 1983 முதல், செவிலியரின் உழைப்பில்லாமல் நவீன ராணுவம் இயங்காது என்றும், அவரை விளிம்பில் வைப்பது அந்த உண்மையை மறைக்கிறது என்றும் வாதிட்டனர். லா மோட்டின் நூலில் முதல் சித்திரமே, தற்கொலைக்கு முயன்ற படைவீரனை உயிர்பிழைக்க வைத்து ராணுவ நீதிமன்றத்தின் மரண தண்டனைக்கு ஒப்படைக்க வேண்டிய நிலையைப் பற்றியது.

சோவியத் ராணுவத்தில் இந்த எல்லை இன்னும் மங்கியது. 1941 ஆகஸ்டில் வந்த ஆணை, காயமுற்றோரில் எத்தனை பேரை அவர்களின் ஆயுதத்தோடு களத்திலிருந்து தூக்கிவந்தார்கள் என்ற கணக்கில் மருத்துவப் பணியாளர்களுக்கு விருது வகுத்தது. உயிரும் துப்பாக்கியும் ஒரே கணக்கில் வந்தன. அப்படையில் பணியாற்றிய பெண்களின் குரல்களை ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 1985இல் நூலாகத் தொகுத்தார். நாஜி ஜெர்மனியிலோ நோயாளிகளைக் கொல்லும் திட்டத்தில் செவிலியர் சிலர் நேரடியாகப் பங்கேற்றனர். செவிலியம் தன்னளவிலேயே நன்மை என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு இல்லை.

இந்த நிலைப்பாடு ஒருபோதும் தள்ளக்கூடியதல்ல. ஆனால் அதைப் பொதுவிதியாக்கினால், எதிரியின் காயத்தையும் அதே கவனத்தோடு கட்டிய எண்ணற்ற கைகளுக்கு நியாயம் கிடைக்காது. ராணுவத்தில் இருப்பதும் ராணுவத்தின் நோக்கத்தை முழுதாக ஏற்பதும் ஒன்றாகிவிடா.

யாருடைய அனுபவம்?

மேற்கண்ட ஐந்து விடைகளும் பெரும்பாலும் வெள்ளையினச் செவிலியரின் பதிவுகளிலிருந்து எழுந்தவை. ஜமைக்காவில் பிறந்த மேரி சீகோல், கிரிமியாவுக்குச் செல்ல லண்டனில் அனுமதி கிடைக்காமல், சொந்தச் செலவில் போய் பாலக்லாவா அருகே விடுதி நடத்தியபடி படையினருக்கு மருந்தும் உணவும் தந்தார். அவருக்கு லண்டனில் சிலை எழ 2016 வரை ஆயிற்று. 1941இல் அமெரிக்க ராணுவம் கறுப்பினச் செவிலியருக்கு ஒதுக்கியது 56 இடங்கள். மேபெல் ஸ்டாப்பர்ஸின் விடாத போராட்டத்தால் 1945 ஜனவரியில்தான் அந்த வரம்பு நீங்கியது. அதுவரை பணிபுரிந்தவர்களில் பலரை ஜெர்மானியப் போர்க்கைதிகளைக் கவனிக்கும் முகாம்களுக்கு அனுப்பினர். 1915இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்கள் சிகிச்சை பெற்றபோது, வெள்ளைப் பெண்கள் அவர்களைத் தொட்டுப் பணிவிடை செய்வதை ராணுவ நிர்வாகம் விரும்பவில்லை. மேற்பார்வைப் பணியோடு அப்பெண்களை நிறுத்திவைக்க முயன்றது.

தமிழர் தொடர்புள்ள ஒரு பக்கமும் இங்கே உண்டு. 1943இல் சிங்கப்பூரில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் உருவான ராணி ஜான்சி என்ற பெண்கள் படையில் மலாயாத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். அப்படையில் செவிலியர் பிரிவும் இருந்தது. பர்மாவின் மேமியோவில் அப்பெண்கள் காயமுற்றோரைக் கவனித்தனர். ஆயுதம் ஏந்தப் பயின்ற படை என்பதாலேயே, அவர்கள் செய்த செவிலியம் வரலாற்றில் துணைக்குறிப்பாகச் சுருங்கியது. தேவதை உருவம் செவிலியரின் மற்ற முகங்களை மறைத்தது. வீராங்கனை உருவம் அவரது செவிலியத்தையே மறைத்தது.

1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த கெடிவ் இஸ்மாயில் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. இறந்த சுமார் 1,300 பேரில் 77 பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் செவிலியர். தெற்காசியப் போர்முனைக்கென்று வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். நம் பகுதியின் போர் நினைவில் அவர்களுக்கு இன்றும் இடமில்லை.

எஞ்சி நிற்பவை

இவ்விடைகளை அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. கருணை, முன்னேற்றம், காயம், போர் எந்திரம் ஆகிய நான்கும் செவிலியரின் வேலைக்கு வெளியே நின்று அவரை அளக்கின்றன. தொழிலறிவை மையமாக்கும் பார்வை மட்டுமே உள்ளிருந்து தொடங்குகிறது. அதனால் அதை அடித்தளமாகக் கொண்டு மற்றவற்றை அதன்மேல் சோதிப்பது நியாயமான வழி என்று தோன்றுகிறது. காயத்தின் ஆழம், பதவியின் போதாமை, மனசாட்சியின் நெருக்கடி எல்லாமே வார்டில் அவர் எடுத்த தீர்மானங்களிலிருந்து விளைந்தவை. அவருக்குத் தீர்மானிக்கும் அறிவு இருந்ததென்று ஏற்றால்தான் உரிய பதவியைக் கோரவும், தவறு செய்தவரைப் பொறுப்பாக்கவும் முடியும்.

ஆயினும் சில கேள்விகளுக்கு உறுதியான விடை இல்லை. பாலியல் வன்முறை எவ்வளவு மறைக்கப்பட்டது என்பதை அழிந்த ஆவணங்களும் மறைந்த சாட்சிகளும் இனி முழுதாகச் சொல்லமாட்டா. எழுத்தில் பதியாத காலனியச் செவிலியரின் அனுபவத்தை, எஞ்சியிருக்கும் பணிப்பதிவுகளிலிருந்தும் குடும்ப நினைவுகளிலிருந்தும் எவ்வளவு மீட்கலாம் என்பது இன்னும் சோதிக்கப்படாதது. படையின் கட்டளையும் நோயாளியின் உரிமையும் மோதும்போது செவிலியர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்விக்கு உடன்படிக்கைகள் கொள்கையளவில் விடை தருகின்றன. களத்தில் மறுப்புச் சொன்னவரைக் காக்கும் ஏற்பாடு எந்த அளவுக்கு உண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் 1943ஆம் ஆண்டுக் காலனிய அவசரச் சட்டம் ராணுவச் செவிலியர் சேவையின் சட்ட அடிப்படையாக நீடிப்பது, பதவியைப் பற்றிய கேள்வியும் முடியவில்லை என்பதற்குச் சான்று. ஆவணங்கள் திறக்கத் திறக்க இம்முடிவுகளில் சில மாறலாம். இனி வரும் ஆய்வு எந்தத் திசையில் சென்றாலும், செவிலியர் என்ன செய்தார், என்ன அறிந்திருந்தார் என்பதிலிருந்து தொடங்குவதே அவர்களுக்கு நாம் காட்டக்கூடிய குறைந்தபட்ச நேர்மை.